உனக்குச் சீனி என்று எழுதியிருந்தாய்

மஸ்கெலியா
தை மாதம், ஞாயிறு பின்னேரம்

அன்பின் சிநேகிதிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவைப் பூட்டிவிட்டு வரும் வழியில், கீழே இருக்கும் லயத்து வீட்டு வரிசைப் படியிலேயே உட்கார்ந்து வாசித்து முடித்தேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையை இரண்டு தரம் வாசித்தேன். அவ்வளவு சந்தோஷம். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் மனம் கனத்துப் போனது. வெறும் வயிற்றில் இரத்தத்தில் சீனி 168 காட்டியது, மறுபடி பார்த்தபோதும் அதே அளவுதான், டொக்டர் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு என்று சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: "நான் இனிப்புப் பண்டமே தொடுவதில்லையே, எனக்கு ஏன் வந்தது?"

மூன்று நாளாக அந்தக் கேள்வியோடுதான் நடமாடுகிறேன். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இரண்டு முறை வந்தால் சீனி என்றுதான் எடுப்பார்கள், அதனால் டொக்டர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் நீ ஏதோ குற்றம் செய்துவிட்டவள் மாதிரி எழுதியிருக்கிறாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ 74இல் பிறந்தவள். நானும்தான். நம்முடைய அம்மாமார் நம்மைச் சுமந்த காலம் எது என்று யோசித்துப் பார். கூப்பன் அரிசி குறைந்து, மா கிடைக்காமல், ஒரு இறாத்தல் பாணுக்கு விடிய விடிய வரிசையில் நின்ற காலம். தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்த காலம். மரவள்ளிக் கிழங்கையும் காட்டுக் கீரையையும் அவித்துத் தின்றுவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனதாக அம்மா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். கருவில் இருக்கும்போது சாப்பாடு கிடைக்காத பிள்ளையின் உடம்பு, கிடைத்ததைச் சேமித்து வைக்கத்தான் பழகும். பிறகு தாராளமாகக் கிடைக்கும்போது அதைச் சமாளிக்கத் தடுமாறும். இது நான் சொல்லும் கதை இல்லை. 1944இலிருந்து 45 வரை ஒரு பனிக்காலம் முழுக்க நெதர்லாந்தில் பஞ்சம் இருந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதில் பரிசோதித்துப் பார்த்தார்கள். பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் உருவானவர்களைவிட இவர்களுடைய உடம்புக்குச் சீனியைக் கையாளுவது கஷ்டமாக இருந்தது. பிறக்கும்போது நிறை குறைந்த பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் சீனி வரும் வாய்ப்பு கூட என்று வேறு நாடுகளிலும் கண்டிருக்கிறார்கள். உனக்கும் அதனால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "நான் என்ன பாவம் செய்தேன்" என்று இனி நீ கேட்க வேண்டாம்.

சரி, இனிப்புக் கதைக்கு வருகிறேன். நீ தொதல் சாப்பிடவில்லை, லட்டு சாப்பிடவில்லை, நம்புகிறேன். தேத்தண்ணி?

போன சித்திரையில் நீ வந்து நின்ற நான்கு நாளும் நான்தான் தேத்தண்ணி ஊற்றினேன், அதனால் எனக்குத் தெரியும். எழும்பினதும் ஒன்று, காலைச் சாப்பாட்டோடு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று, இருட்டினதும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி. ஒரு மட்டக் கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 60 கிராம். நாம் போடுவது மட்டக் கரண்டியும் இல்லை, குவித்த கரண்டி. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு நாளைக்கு 50 கிராமுக்குள் நிற்கச் சொல்கிறது, 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. 25 என்றால் ஆறு கரண்டி, அதுவும் பிஸ்கட், சோடா எல்லாம் சேர்த்து. நாம் தேத்தண்ணியை இனிப்பு என்று கணக்கில் எடுப்பதே இல்லை. அது நமக்குத் தண்ணீர் மாதிரி.

நான் ஒரே நாளில் விடவில்லை. மூன்றை இரண்டாக்கினேன், ஒரு மாதம் போனது. பிறகு ஒன்று. பிறகு அந்தக் காலத்து ஆட்கள் மாதிரி வெறும் சாயத்தண்ணியை ஊற்றிக்கொண்டு, உள்ளங்கையில் சின்னத் துண்டுக் கருப்பட்டி வைத்துக் கடித்தேன். இப்போது அதுவும் இல்லை. நாக்கு மாறுவதற்கு ஐந்தாறு வாரம் பிடிக்கிறது. அதற்குப் பிறகு பழைய தேத்தண்ணியைக் குடித்தால் சீனிப்பாணி மாதிரி இருக்கிறது. கருப்பட்டியும் சீனிதான், அதை மருந்து என்று யாராவது சொன்னால் கேட்காதே.

இதைவிடப் பெரிய விஷயம் தட்டு. மாதத்துக்கு ஒருமுறை நம் பிள்ளைக்காம்பராக்காரர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு பற்றிச் சொல்லிக் கொடுப்பார்கள். பத்து வருடமாகப் போகிறேன். புரதம், மாப்பொருள், கொழுப்பு என்று படம் போட்டுக் காட்டுவார்கள். கேட்டுக்கொண்டு வந்து வீட்டில் ரொட்டிதான் தட்டினேன். எனக்கு அது உறைத்தது என் அம்மாவின் மதியச் சாப்பாட்டை நினைத்தபோதுதான். இரண்டு பெரிய ரொட்டி, இடித்த சம்பல், போத்தலில் சாயத்தண்ணி. அதைப் படங்குச் சேலையில் முடிந்துகொண்டு காட்டுத் தொங்கல் வரை ஏறுவார். 18 கிலோ, 20 கிலோ கொழுந்து, தலைக்கயிறு நெற்றியில் அழுத்த, மழையில் நனைந்த கூடை அதைவிடப் பாரம். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பின்னேரம் நிறுவைக்கு வரும்போது அந்த ரொட்டி முழுக்க எரிந்து போயிருக்கும்.

நீயும் நானும் மலைக்குப் போகவில்லை. படித்தோம், வேறு வேலைக்குப் போனோம். ஆனால் அம்மாவின் ரொட்டியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டோம். 100 கிராம் கோதுமை மாவில் கிட்டத்தட்ட 350 கலோரி, அதில் முக்கால்வாசியும் மாப்பொருள். மாப்பொருள் வயிற்றுக்குள் போய்ச் சீனியாகத்தான் மாறுகிறது. நீ வத்தளையில் மூன்றாம் மாடி வீட்டில் லிஃப்டில் இறங்கி, ஓட்டோவில் ஏறி, கடையில் கல்லாவுக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் உட்கார்ந்துவிட்டு வருகிறாய். அந்த ரொட்டி எங்கே போகும், சொல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கும் அந்தச் சாப்பாடு போதவில்லை. வயிறு நிறைந்தது, அவ்வளவுதான். கால் இரண்டும் இரும்பு மாதிரி இருந்தும் நாற்பது வயதிலேயே கழுத்தும் தோளும் நாரியும் போய்விட்டன, முகம் எப்போதும் வெளிறித்தான் இருக்கும். "நாங்கள் நாள் முழுக்க உழைக்கிற ஆட்கள், எங்களுக்கு எதற்கு உடற்பயிற்சியும் சத்துணவும்" என்று நம் ஆட்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த முகம்தான் கண்ணுக்குள் வரும்.

அதே வெளிறல் எனக்கு வந்ததை உனக்கு எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாள். இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பராவிலிருந்து மேட்டு லயத்துக்கு ஏறினேன். ஐம்பது படி இருக்காது. பாதியில் நெஞ்சு படபடவென்று அடித்து, காது அடைத்து, கண்ணுக்கு முன்னால் புள்ளி புள்ளியாய்ப் பறந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை என் கன்னத்தைத் தட்டித் தட்டி "டீச்சர், டீச்சர்" என்றது. அடுத்த நாள் போய்க் காட்டினேன். டொக்டர் ஒன்றும் பேசாமல் என் கீழ்க்கண் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். கண்ணாடியில் நீயும் பார், உள்பக்கம் செம்பருத்திப் பூ மாதிரி சிவப்பாக இருக்க வேண்டும். எனக்குக் காகிதம் மாதிரி இருந்தது. இரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது.

"கீரை சாப்பிடுவீர்களா?" என்றார். தினமும் என்றேன். "சாப்பிட்டதும் என்ன குடிப்பீர்கள்?" என்றார். தேத்தண்ணி என்றேன். அதுதான் என்றார்.

கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதே கொஞ்சம். அதையும் தேயிலைச் சாயம் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. இந்த மலையையே தேயிலைக்காக வெட்டித் திருத்தின ஆட்கள் நாம், ஒருவர்கூட நமக்கு இதைச் சொல்லித் தரவில்லை என்று எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது. தேத்தண்ணியை விடத் தேவையில்லை. சாப்பாட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் விட்டால் போதும். தேசிக்காய் இதற்கு நேர்மாறு, அது இரும்புச்சத்தை உள்ளே இழுத்துக் கொடுக்கும். நம் பாட்டிமார் வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் பிழிந்தது சும்மா இல்லை. இரும்புக் குளிசையையும் தேத்தண்ணியோடு போடக் கூடாது. நான் ஆறு மாதம் போட்டேன், இப்போது 12.3.

இப்போது என் தட்டு எப்படி என்று எழுதுகிறேன், உனக்கும் அதுதான் சரிவரும். தட்டில் பாதிக்கு மரக்கறியும் கீரையும். கால்வாசி சோறு அல்லது ஒரு சின்ன ரொட்டி. மிச்சக் கால்வாசி பருப்பு, முட்டை, மீன், கடலை, இப்படி ஏதாவது ஒன்று. இந்தக் கடைசிக் கால்வாசிதான் நம் வீடுகளில் இல்லாதது. பருப்பு என்று நாம் வைப்பது மஞ்சள் தண்ணீர், ஐந்து பேருக்கு ஒரு பிடி. 100 கிராம் பருப்பில் 24 கிராம் வரை புரதம் இருக்கிறது, அதைக் கட்டியாக வைத்தால்தான் கிடைக்கும். உன்னைப் போல 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 50 கிராமாவது வேண்டும். ஒரு முட்டை 6 கிராம். சோயாமீட் நல்லது, மலிவு, ஆனால் பக்கற்றுக்குள் வரும் அந்தத் தூளைப் பாதிக்கு மேல் போடாதே, முழுக்க உப்பு. நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு தின்பதால் எலும்புக்கும் நல்லது, சுடுதண்ணீரில் இரண்டு தரம் அலசிவிட்டுச் சமை. உப்பு ஒரு நாளைக்கு மொத்தமாக ஒரு தேக்கரண்டி, 5 கிராம். உனக்குப் பிரஷர் இல்லை என்று எழுதியிருக்கிறாய், அது அப்படியே இருக்கட்டும்.

குரக்கன் ரொட்டிக்கு மாறிவிட்டேன், இனிப் பயமில்லை என்று எழுதியிருந்தாய். மாறினது நல்லதுதான், நார்ச்சத்து கூட. ஆனால் குரக்கனும் மாப்பொருள்தான். நான்கு குரக்கன் ரொட்டி சாப்பிட்டால் நான்கு ரொட்டியின் வேலையைத்தான் அது செய்யும். சீனிக்கு நல்லது என்று ஆட்கள் சொல்லும் தெபு இலையும் பாகற்காயும் அப்படித்தான். கீரையாகவும் கறியாகவும் நன்றாகச் சாப்பிடு, அவற்றை நம்பி, சீனிக்குப் போடும் மெட்ஃபோமின் குளிசையை மட்டும் நிறுத்திவிடாதே. பக்கத்து வீட்டு அக்கா நிறுத்திவிட்டுக் கஷாயம் குடித்ததாக எழுதியிருந்தாயே, அவரையும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போ.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். 24 பேர் இருக்கிறார்கள். வாயாடிகள். மாதம் ஒருமுறை நிறுத்துப் பார்க்கும்போதுதான் மனம் ஆறாது. 2016இல் நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லை. தோட்டப்புறத்தில் மட்டும் 32. ஒரு தாய் பால் போத்தலில் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவருவார். பால்மா விலைக்கு அவர் என்ன செய்வார்? ஆனால் அந்தச் சீனித் தண்ணீர் பிள்ளையின் வயிற்றை நிரப்பிவிடும், பிறகு அது சோற்றைத் திரும்பியும் பார்க்காது. கிளினிக்கில் நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷா கொடுக்கிறார்கள். சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்த மா, நல்ல சாப்பாடு. பக்கற் வீட்டுக்குப் போனதும் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்து வீட்டில் உள்ள ஆறு பேரும் ஆளுக்கு ஒன்று. அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு உருண்டை. யாரைக் கோபிப்பது? நான் இப்போது அந்தத் தாய்மாரிடம் பக்கற்றை என்னிடமே தரச் சொல்லி, பத்து மணிக்கு என் கையாலேயே ஊட்டுகிறேன். ஏழு பேர் தந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி மூன்று மாதத்தில் ஒன்றேகால் கிலோ கூடியிருக்கிறாள்.

பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் கிடந்த நிலத்தில் நோக்கோலும் பீட்ரூட்டும் போட்டிருக்கிறோம். கிழங்கை விற்றுவிட்டு இலையை வீசுவதுதான் இங்கே வழக்கம். இலையில்தான் சத்து என்று சொல்லிச் சொல்லி, இப்போது பிள்ளைகளின் சோற்றில் அந்த இலைச் சுண்டல் தினமும் இருக்கிறது.

நடைக்கு வருகிறேன். வாரத்துக்கு 150 நிமிடம் வேர்க்க நடக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். நாளைக்கு அரை மணித்தியாலம் என்று வைத்து ஐந்து நாள். பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியாமல் இருக்க வேண்டும், அந்த வேகம். உனக்கு நேரம் இல்லை என்றால் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் நட. சீனி உள்ளவர்களுக்கு இது இன்னும் நல்லது. சாப்பிட்டவுடன் இரத்தத்தில் ஏறும் சீனியை வேலை செய்யும் தசை நேரடியாக வாங்கிக்கொள்ளும். மாடிப்படி இருக்கிறதே, இறங்குவதற்கு மட்டும் லிஃப்டை வைத்துக்கொள், ஏறுவதற்குக் காலை எடுத்துக்கொள். நடக்கும்போது வெறுங்காலோடு போகாதே, இரவில் படுக்கப் போகும்போது உள்ளங்காலைப் பார்த்துவிட்டுப் படு. சீனியில் காயம் பட்டாலும் தெரியாமல் போகலாம். வருடம் ஒருமுறை கண்ணையும் காட்டு.

நடை மட்டும் போதாது என்று நான் கண்டுகொண்டது சிவனொளிபாத மலையில். குளிசை போட்டு முடித்த பிறகு, போன பங்குனியில் நல்லதண்ணி வழியாக ஏறினேன். ஐயாயிரத்துக்கு மேலே படி. ஞாபகமிருக்கிறதா, ஓலெவல் சோதனை எழுதிவிட்டுப் போனபோது நாம் ஓடி ஓடி ஏறினோம், உச்சியில் குளிரில் ஒரே போர்வைக்குள் இருந்து சூரியனைப் பார்த்தோம். இந்த முறை ஏறுவது நினைத்தபடி நடந்தது, மெதுவாக, இருபது படிக்கு ஒரு மூச்சு. இறங்கும்போதுதான் முழங்கால் இரண்டும் ஆடிப்போய்விட்டன. ஐம்பதைத் தாண்டினால் தொடைத் தசை தானாகவே குறைந்துகொண்டு போகும், அதைப் பிடித்து வைக்காவிட்டால் முழங்கால்தான் சுமையை வாங்கும். வந்ததிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வீட்டு முன் இஸ்தோப்பில் நாற்காலியைச் சுவரோடு போட்டு, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, ஊன்றாமல் எழும்பி உட்காருவது. பத்துத் தரம், கொஞ்சம் இளைப்பாறி மறுபடி பத்து. பிறகு சுவரில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளுவது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். முதல் வாரம் ஆறோடு நின்றுவிட்டேன், இப்போது பதினைந்து. தசை கூடினால் சீனி போய்ச் சேர இடமும் கூடும். உன் வீட்டில் நாற்காலி இருக்கிறது, சுவர் இருக்கிறது. வேறொன்றும் வாங்க வேண்டாம்.

நித்திரை வரவில்லை என்று எழுதினாய். உன் வீட்டுக்காரர் போன பிறகு அந்த வீட்டில் இரவு எவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆறு மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். ஒன்பது மணிக்கு எனக்கு ஃபோன் எடு, ஒவ்வொரு நாளும் எடுத்தாலும் பரவாயில்லை. வெற்றிலையை விட்டுவிட்டாயா? புகையிலை போடாவிட்டாலும் பாக்கே வாய்க்குக் கூடாது.

தம்பி மகன் புதன்கிழமை கொழும்புக்கு வருகிறான். அவன் கையில் ஒரு பை கொடுத்து விடுகிறேன். வல்லாரை ஈரத்துணியில் சுற்றியிருக்கும், அன்றைக்கே சம்பல் போடு. நோக்கோல் இலை ஒரு கட்டு, இரண்டு நாளைக்கு இருக்கும். போஞ்சி நம் தோட்டத்தில் பறித்தது. அதற்குள் தையல் நாடா ஒன்றும் இருக்கும். மூச்சை வெளியே விட்டுக்கொண்டு தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி அளந்து பார். நம்மைப் போன்ற பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். எனக்கு 84. உன்னுடையதைப் பதிலில் எழுது, அடுத்த முறை வெறும் வயிற்றில் பார்த்த அளவையும் எழுது. மகளின் கல்யாணத்துக்கு நாள் வைத்ததும் முதலில் எனக்குச் சொல், லீவு போட வேண்டும்.

மூடுபனி இஸ்தோப்பு வரை வந்துவிட்டது. அடுப்பில் பருப்பு கொதிக்கிறது, கட்டியாக.

உன் பழைய சிநேகிதி